யங்கோனா வேருக்கு வைத்த குங்குமம்

1

டிசம்பர் பிறந்தால் போதும், திண்டுக்கல்லிலிருந்து அக்காவின் போன் வந்துவிடும். “இன்னும் அந்தத் தீவுலதான் உக்காந்திருக்கியா? எல்லாரும் கிளம்பிட்டாங்கன்னு சொன்னியே, நீ எப்பத்தான்டி கிளம்பப் போற?” 2006 டிசம்பரில் இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, டிவியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயைப் பார்த்துவிட்டாள். அந்தச் சிப்பாய் இத்தனை வருஷமும் என் வீட்டு வாசலிலேயே நிற்பதாக அவளுக்கு நினைப்பு.

இப்போது நாங்கள் இருப்பது ஃபிஜியில், நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வோட்டுவாலேவுவில். பிற்பகலில் நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தலைக்கு மேல் விமானம் போனால் பிள்ளைகள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு “ஆக்லாந்து”, “சிட்னி” என்று பந்தயம் கட்டுவார்கள். தெருவில் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். ஊறுகாய் பாட்டிலை எடுத்தால் எடை சரியாக வருமா, கம்பளியை எடுத்தால் வருமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடக்கும். வழியனுப்பி வழியனுப்பிப் பழகிப்போன தெரு இது.

நானும் ஒரு காலத்தில் பெட்டி கட்டியவள்தான். பிறகு ஏன் போகவில்லை என்று அக்காவிடம் போனில் சொல்ல ஆரம்பித்தால், பாதியிலேயே “சரி சரி, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிடுவாள். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். காரணம் ஒரு சினிமாப் போட்டி. சிரிக்காமல் கேளுங்கள்.

2

அப்போது ஃபிஜியின் வடக்குத் தீவில், லம்பாசாவில் இருந்தோம். என் கணவர் ரகுபதி சர்க்கரை ஆலையில் என்ஜினியர். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். புலிலேகாவில் கரும்புக்காட்டு நடுவே வாடகை வீடு. வீட்டுக்காரர் முன்சாமி அடுத்த வீட்டிலேயே இருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா மதராஸிலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர். முன்சாமி பேசுகிற தமிழ் அந்தக் கப்பலில் வந்த தமிழ். பாதிக்குமேல் இந்த ஊர் இந்தி கலந்திருக்கும். ஆனாலும் “இன்னா டீச்சரம்மா” என்று அவர் கூப்பிட்டால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

என் மகள் நிலா பிறந்ததே லம்பாசாவில்தான். அவளுக்கு நாக்கில் முதலில் வருவது இந்த ஊர் இந்தி, அடுத்தது இங்கிலீஷ். அம்மாவோடு சண்டை போட மட்டும் தமிழ். முன்சாமியை மாமா என்று கூப்பிடச் சொன்னால் ‘காக்கா’ என்பாள். இங்கே சித்தப்பாவுக்கு அதுதான் வார்த்தை. லீவுக்கு ஊருக்குப் போனபோது “எங்க காக்கா லாரி ஓட்டுவார்” என்று சொல்லப்போய், அக்கா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நிலா அழுதுகொண்டே வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள்.

பயம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000-இல், இந்திய வம்சாவளிக்காரர் பிரதமரானது பிடிக்காத பூர்வகுடி ஃபிஜியன் கூட்டம் ஒன்று தலைநகர் சுவாவில் பார்லிமெண்டைப் பிடித்து ஆட்களைச் சிறைவைத்த சமயம், எங்கள் பக்கத்திலும் கலாட்டா. ஒரு பட்டப்பகலில் பத்துப் பதினைந்து ஃபிஜியன் பையன்கள் வாசலுக்கு வந்தார்கள். கூரை மேல் கல் விழுந்தது. கோழிகளைப் பிடித்தார்கள், மரவள்ளியைப் பிடுங்கினார்கள், போய்விட்டார்கள். எங்களை யாரும் தொடவில்லை. நான் நிலாவைக் கட்டிலுக்கடியில் தள்ளி, அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். அதற்குப் பிறகு மெயின் ரோட்டை விட்டு இறங்கி எந்த ஃபிஜியன் கிராமத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. வகுப்பில் அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அண்ணன் தெருவில் எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். இந்த அழகில் நான் டீச்சர்.

2006-இல் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்து ராணுவம் வந்ததும், கிளம்பியே ஆக வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். நியூசிலாந்துக்கு மனுப்போட்டோம். ரகுபதி ஆலைச் சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார். நான் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்ட ஆரம்பித்தேன்.

3

அடுத்த வருஷம் நிலாவின் வகுப்பே காலியாகிக்கொண்டிருந்தது. அவளுடைய உயிர்த்தோழி குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். கிளம்புகிறவர்கள் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படித்தான் இயற்பியல் வாத்தியாரின் வீடியோ கேமரா எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்த பெண், அந்தக் கேமராவைக் கையில் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். கூடவே ஒரு புதுத் தோழியும் வந்தாள். பெயர் ஸேரா. மலையடிவாரத்து ஃபிஜியன் கிராமத்துப் பெண்.

நியூசிலாந்தில் மலை, ஆறு, காடு என்று வெளியில் எடுக்கிற குறும்படங்களுக்கு ஒரு போட்டி நடப்பதை இருவரும் பள்ளிக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. தேர்வானால் பெரிய திரையில் காட்டுவார்களாம். நிலாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸேராவின் ஊர்ப் பிள்ளைகள் தென்னை மட்டையில் உட்கார்ந்து மலைச் சரிவில் புல் மேல் சறுக்கி வருவார்கள். அதுதான் படம். எட்டு நிமிஷம்.

சனிக்கிழமைதோறும் படப்பிடிப்பு. முன்சாமிதான் லாரியில் கொண்டுபோய் விடுவார். சரிவு மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். நான் லாரியை விட்டு இறங்க மாட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வெந்துகொண்டு, மகள் தலை தெரிகிறதா என்று பார்த்தபடி இருப்பேன்.

போட்டிக்காரர்கள் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். மலையின் உயரம் என்ன என்று ஒரு கேள்வி. யாருக்கும் தெரியாது. “கரும்பு லாரி ஏறாத ஒசரம்னு எழுது” என்றார் முன்சாமி. இயக்குநரின் நாடு எது என்று அடுத்தது. பிறந்தது இங்கே, பாஸ்போர்ட் இந்தியா, தங்குவதற்கு வருஷா வருஷம் நீட்டிக்கிற அனுமதி, போகப்போவது நியூசிலாந்து. நிலா யோசித்துவிட்டு ‘லம்பாசா’ என்று எழுதினாள். கடைசியில் ஒரு கட்டம்: நிலத்துக்குச் சொந்தமானவர்களின் அனுமதி பெற்றீர்களா?

அங்கேதான் சிக்கல். கீழ்ச்சரிவில் எடுக்க யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் படம் உச்சியில் முடிய வேண்டும், அங்கிருந்துதான் பெரிய சறுக்கல். உச்சி என்பது அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள் முதன்முதலாகக் குடியிருந்த இடம். சும்மா ஏறக்கூடாது. ஸேராவின் தாய்மாமன் இலியேசாதான் கிராமத் தலைவருக்காகப் பேசுகிறவர். அவர் சொல்லியனுப்பினார்: பிள்ளைகள் கேட்டால் போதாது, பெண்ணின் வீட்டுப் பெரியவர்கள் முறைப்படி யங்கோனா வேரோடு வந்து கேட்கட்டும். சபையில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர் அது, இவர்களுக்கு நம் வெற்றிலை பாக்கு மாதிரி.

“கட்டத்துல ஒரு டிக் போட்டு அனுப்பு. உச்சி இல்லாட்டா என்ன, கீழயே முடிச்சுக்கோ. நியூசிலாந்துல இருக்கறவனுக்குத் தெரியவா போகுது?” என்றேன்.

நிலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “பொய் டிக் போட்டா ஸேராகிட்ட எப்படிப் பேசறது? நை ஹோய், அம்மா.” முடியாது என்பதற்கு அவள் வாயில் வருவது அதுதான். “நீ வரலேன்னா படமே வேணாம். நியூசிலாந்து போய் நான் சும்மா உக்காந்திருக்கேன். பேசவே மாட்டேன்.”

அவள் செய்வாள். ஒரு மாதம் செய்து காட்டியவள்தானே. ஆலையில் அரைவை நடக்கும் மாதங்கள் என்பதால் ரகுபதி நகர முடியாது. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. “வந்து தொலைக்கிறேன்” என்றேன்.

4

வேரை முன்சாமிதான் மார்க்கெட்டில் வாங்கிவந்தார். நீளநீளமான வேர்கள், நடுவில் செய்தித்தாள் சுற்றிக் கட்டியது. இடித்த பொடி உதவாதாம், முழு வேராக இருந்தால்தான் மரியாதை. “நானே பேசுறேன். நீ பின்னாலே சும்மா குந்து” என்று தைரியம் சொன்னார்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, அந்தக் கட்டை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அப்படித்தானே செய்வோம். ஃபிரிட்ஜ் வந்தாலும் செய்தோம், அந்தக் கேமராவுக்கும் செய்தோம். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள். மஞ்சளைக் குழைத்துத் தடவி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். நிறைய வேண்டிக்கொண்டேன். முன்சாமி பார்த்துவிட்டு, “சோக்காகீது” என்றார். அவர் லாரியின் நெற்றியிலும் எப்போதும் சந்தனம் இருக்கும். நிலா ஸ்கூல் பையில் பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. ஆக, விவரம் தெரிந்த யாரும் அதைப் பார்க்கவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் ராணுவச் சோதனை. ஒரு சிப்பாய் கேமராப் பையைத் திறக்கச் சொன்னான். நான் நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நிலா ஃபிஜியன் பாஷையில் ஏதோ சொன்னாள். எப்போது கற்றுக்கொண்டாளோ! அவன் கேமராவுக்குள் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தான்.

“என்னடி சொல்றான்?”

“அவங்க தீவுல தகரத்துலதான் சறுக்குவாங்களாம். மட்டை ஸ்லோவாம்.”

முன்சாமி லாரியைக் கிளப்பினார். 

5

கிராமத்து முகப்பில் ஸேரா காத்திருந்தாள். கிராமத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு போவது மரியாதையில்லை என்று என் கூலிங் கிளாஸை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். குடிசையில்லை, தகரக்கூரை போட்ட கூடம். பாய் விரித்திருந்தது. பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இலியேசா. நல்ல ஆகிருதி, நரைத்த சுருட்டை முடி. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிரசங்கம் செய்பவரும் அவர்தான் என்று ஸேரா சொல்லியிருந்தாள்.

முன்சாமி முட்டி போட்டு நகர்ந்து போய் வேரை முன்னால் வைத்தார். நாங்கள் யார், எதற்காக வந்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். முறைப்படி, இலியேசா வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டு கைதட்ட வேண்டும். அவர் கையை நீட்டினார். விரலில் சிவப்பு ஒட்டியது. அப்படியே நிறுத்திவிட்டார்.

விரலை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர்களுக்குள் குரல் தாழ்ந்து பேச்சு ஓடியது. ஸேராவின் முகம் சுருங்கிவிட்டது. நிலா என் பக்கம் திரும்பி, “அம்மா, என்ன செஞ்சே?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

இலியேசா இந்தியில் பேசினார். இந்த ஊர் இந்தியில் நீங்கள், தாங்கள் எல்லாம் கிடையாது, எல்லாரும் ‘தும்’தான். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“இதை உன் சாமிக்கு முன்னால வச்சியா?”

முன்சாமி முந்திக்கொண்டு, “அது ஒண்ணுமில்லே, சும்மா அழகுக்கு” என்று ஆரம்பித்தார். இலியேசா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகுக்கு என்று நானும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் நிலா உட்கார்ந்திருந்தாள். பொய் டிக் போட மாட்டேன் என்றவள்.

“ஆமா. வச்சேன்” என்றேன்.

“வேற சாமிக்குப் படைச்சதை நாங்க குடிக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது. எங்க வீட்டுல மரியாதைன்னா இதுதான். சாமிகிட்ட வச்சுட்டுத்தான் கொடுப்போம்.”

அவர் தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. “வச்சு என்ன கேட்ட?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. படம் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ஏழெட்டுப் பேர், ஒரு கூடம், வெயிலில் கூரைத் தகரம் நெளிகிற சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நானும் என் மகளும் பத்திரமா வீடு திரும்பணும்னு கேட்டேன்.”

“யார்கிட்டேருந்து பத்திரமா?”

 புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்ய? சொன்னால் கொடுமை, சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. போச்சு, குழந்தையின் படத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டேன் என்றுதான் எனக்குள் ஓடியது.

 இலியேசாதான் மறுபடி பேசினார். “சனிக்கிழமை சனிக்கிழமை ரோட்டுல, லாரிக்குள்ள கண்ணாடியை ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கறது நீதானே?”

தலையாட்டினேன்.

“உள்ள வெந்து செத்துருவான்னு என் பொண்டாட்டி ஒவ்வொரு வாரமும் சொல்லுவா. இளநி குடுத்தனுப்பலாமான்னு கேப்பா. நான்தான் வேணாம்னேன். ஆளைப் பாத்தா இன்னும் பயந்துக்குவா, சும்மா விடுன்னேன்.”

அப்புறம் அவர் கண்ணை மூடி, ஃபிஜியன் பாஷையில் உரக்க ஜெபம் செய்தார். எல்லாரும் தலை குனிந்தார்கள். முடிந்ததும் ஸேரா என் காதோரம் இங்கிலீஷில் சொன்னாள்: “ஆண்ட்டி, மாமாவும் அதையேதான் கேட்டார். நீங்களும் நிலாவும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு.”

அழுகையெல்லாம் அதற்கப்புறம்தான். முன்பு அழுதது அழுகையே இல்லை.

இலியேசா வேர்க்கட்டை இரண்டு கையாலும் எடுத்து, முறையான வார்த்தைகளைச் சொன்னார். எல்லாரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். “இதைக் குடிக்க மாட்டோம். திருப்பியும் தர மாட்டோம்” என்று சொல்லி, அதைத் தன் முதுகுப்பக்கம் சுவரோரமாக வைத்தார். அவர்கள் தோட்டத்து வேரை இடித்துக் கரைத்துக் கொண்டுவந்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் எனக்கும் ஒன்று வந்தது. களிமண் கரைத்த கஷாயம் மாதிரி இருந்தது. ஒரே மடக்கில் குடிக்க வேண்டுமாம், குடித்தேன். நாக்கு மரத்துப்போயிற்று. பெரியவர்கள் கைதட்டினார்கள். முன்சாமி மூன்று சிரட்டை குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“உச்சியில எடுத்துக்கோ” என்று இலியேசா நிலாவிடம் சொன்னார். “ஆனா உங்கம்மாவும் ஏறணும். ரோட்டுல உக்காந்தது போதும்.”

6

ஏறினேன். திண்டுக்கல் மலைக்கோட்டைப் படியிலேயே பாதியில் உட்கார்ந்துவிட்ட ஜன்மம் நான். புடவையை இழுத்துச் செருகி, ஒரு கையை ஸேராவும் ஒரு கையை இலியேசாவின் மனைவியும் பிடித்துக்கொள்ள, திட்டிக்கொண்டே ஏறினேன். உச்சியில் இலியேசா முதலில் போய்த் தன் முன்னோர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கீழே கரும்புக்காடும் ஆறும் ஆலைப் புகையும் தெரிந்தன. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன், ஊர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிலா நினைத்த மாதிரியே பெரிய சறுக்கலை எடுத்தாள். ஸேராவும் மூன்று பிள்ளைகளும் வரிசையாகப் போனார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் இறங்கத் திரும்பினால், இலியேசாவின் மனைவி ஒரு மட்டையைப் போட்டு, “பைட்டோ” என்கிறாள். உட்காரணுமாம். ஐயையோ, மாட்டேன் என்றேன். யார் கேட்டார்கள்? பின்னால் அவள் ஏறி உட்கார்ந்து என்னை இடுப்போடு கட்டிக்கொண்டாள், தள்ளிவிட்டார்கள். “முருகா” என்று ஆரம்பித்த கூச்சல், கீழே வந்து சேரும்போது சிரிப்பாகிவிட்டிருந்தது. புடவை கிழிந்தது. நிலா கேமராவை நிறுத்தவே இல்லை.

அந்த வாரமே கட்டத்தில் டிக் போட்டு, படத்தைக் கூரியரில் அனுப்பினோம். படம் தேர்வாகி, நியூசிலாந்தில் பெரிய திரையில் காட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை. பனிமலையில் கயிறு கட்டி ஏறிய பையன்களுக்குப் போயிற்று. நிலாவுக்கு அதில் வருத்தமே இல்லை. “எங்க படத்துக்குத்தான் சிரிச்சாங்களாம்” என்று வீடெல்லாம் குதித்தாள். எங்கள் குடியேற்ற அனுமதியும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. “என்ன செய்யலாம்?” என்றார் ரகுபதி. “குக்கரை எந்தப் பெட்டியில போட்டேன்னு தெரியல. முதல்ல அதைத் தேடுங்க, சமைக்கணும்” என்றேன். அவருக்குப் புரிந்தது.

கிராமத்துக் கூடத்திலும் படத்தைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று இலியேசா கேட்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை நிலாவுக்குக் காய்ச்சல். முன்சாமிக்குக் கரும்பு லோடு. ஆலையிலிருந்து ப்ரொஜெக்டரை இரவல் வாங்கி, ரகுபதியின் காரை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஜன்னல்களில் பாயைத் தொங்கவிட்டு, சுவரில் போர்வையைக் கட்டிப் படம் போட்டோம். நான் சறுக்கி விழும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, பாயில் உருண்டு புரண்டு சிரித்தார்கள். வறுத்த மீன் மணக்க மணக்க வந்தது, சனிக்கிழமை நான் கவுச்சி தொடுவதில்லை என்பதால் எனக்கு மட்டும் மரவள்ளி. இளநியும் கொடுத்தார்கள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன்.

விளக்கேற்றப் போனேன். சாமி அறையில் சூடம் கொளுத்திய அடையாளமே இல்லை, தட்டு கழுவிவைத்தபடியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையில் கிளம்பும்போது முருகனிடம் ஒன்றும் கேட்காமலேயே போயிருக்கிறேன்.